ஸ்ட்ராபெரிக்குக் கொடுக்கும் காசில் ஒரு தோட்டத்தையே பார்க்கலாம்: கேமரன் மலைக்கு ஒரு சிக்கனப் பயணம்

கேமரன் மலை – பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தீபகற்பத்தில் இருக்கும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கேமரன் மலைதான். கடப்பிதழ் வேண்டாம், விமானச் சீட்டு வேண்டாம். விடியற்காலையில் காரைக் கிளப்பினால் மதியத்துக்குள் குளிருக்குள் போய் நின்றுவிடலாம். ஆனால் போய் வந்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். காசு கரைந்துவிட்டது, பாதி நேரம் சாலை நெரிசலில் போய்விட்டது, பார்த்தது என்று சொல்ல ஒன்றுமில்லை.

காசு எங்கே போகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். வாரக் கடைசியிலும் நீண்ட விடுமுறையிலும் தங்கும் விடுதிகளின் வாடகை சாதாரண நாளைவிடப் பல மடங்கு ஏறிவிடுகிறது. அடுத்தது நுழைவுச் சீட்டு. ஸ்ட்ராபெரித் தோட்டம், பட்டாம்பூச்சிப் பண்ணை, லாவெண்டர் தோட்டம், கள்ளிச் செடித் தோட்டம் என்று வரிசையாக இறங்கினால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒவ்வோர் இடத்திலும் பணப்பையைத் திறக்க வேண்டியிருக்கும். ஸ்ட்ராபெரியை நாமே பறித்துக்கொள்ள, கடையில் வாங்கும் விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறோம். நாமே வேலையும் செய்து, அதற்குக் காசும் கொடுக்கும் இடம் அது ஒன்றாகத்தான் இருக்கும். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு இப்படி இரண்டு நாள் சுற்றுவது சிறிய செலவே இல்லை.

இத்தனைக்கும் கேமரன் மலையில் பார்க்கத் தகுந்தவை பெரும்பாலும் இலவசம், அல்லது ஒரு கோப்பைத் தேநீரின் விலைதான். தேயிலைச் சரிவுகள், காட்டுப் பாதைகள், அருவி, கோயில் ஆகியவைதான் அவை. அவற்றிலும் தேயிலைத் தோட்டம் நம்மவர்களுக்குத் தனி முக்கியத்துவம் உடையது. 

ஏன் என்பதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். இந்த மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் 1885ஆம் ஆண்டில் இப்பகுதியை அளந்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் இங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே இதை மலைவாசத் தலமாக்கும் திட்டம் சூடுபிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்ற தொழிலதிபர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ. பி. மில்ன் என்பவருடன் சேர்ந்து 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலைத் தோட்டம் வந்தது. 

செங்குத்தான காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, கொழுந்து கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் கைகள். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவித்தொகையில் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகளே முன்னர்தான் இந்த மலை தேயிலைக்குத் திறந்துவிடப்பட்டது. கப்பலில் வந்த தலைமுறையின் கடைசி அலைகளில் ஒன்று இந்தச் சரிவுகளில்தான் கரை ஒதுங்கியது என்று சொல்லலாம்.

இன்று பட்டணத்தில் இருக்கும் நம் குடும்பங்களில் பலவற்றுக்கு வேர் ஏதாவது ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கும். அந்தத் தோட்டங்கள் பல 1980களிலிருந்து துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. பெரட்டுக் களம் எங்கே இருந்தது, ஆயாக் கொட்டகை எங்கே இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டப் போனால் அங்கே பேரங்காடியும் கார் நிறுத்துமிடமும் நிற்கின்றன. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. தொழிற்சாலை, அதைச் சுற்றிய சரிவுகள், வரிசை வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி என்று ஒரு தோட்டத்தின் அமைப்பை ஒரே பார்வையில் காட்டக்கூடிய இடம் இது. போ தோட்டத்திலும் சுங்கை பாலாஸிலும் புளூ வேலியிலும் தோட்டத்தின் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 

தேயிலையை எப்படிப் பார்ப்பது?

சாலையோரம் காரை நிறுத்தி, பச்சைப் பின்னணியில் நான்கு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கம். அதிலும் தவறில்லை. ஆனால் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குள் போனால் அதே நேரத்தில் இன்னும் அதிகமாகப் பார்க்கலாம். பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டி, கியா ஃபார்ம் சந்தைக்கு அருகில் பிரியும் குறுகலான சாலையில் சில கிலோமீட்டர் போக வேண்டும். தொழிற்சாலைக்குள் சென்று தேயிலை தயாராவதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே பள்ளத்தாக்கை நோக்கி நீட்டிக் கட்டிய தேநீர்க் கூடம் இருக்கிறது. ரிங்லெட் பக்கம் ஹாபுவிலிருந்து பிரியும் சாலையில் போனால் போவின் பழைய தோட்டம் வரும். அந்தச் சாலை இன்னும் குறுகல். எதிரே லோரி வந்தால் ஒதுங்கி வழிவிடும் பொறுமை ஓட்டுநருக்கு வேண்டும். பாரத் தோட்டம் ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் பெரிய சாலையிலேயே கண்ணில் படும். மேலிருந்து பார்க்கலாம், கீழே இறங்கிச் சுற்ற சிறு கட்டணம் கேட்கப்படலாம்.

தேயிலைச் செடி உண்மையில் ஒரு மரம். விட்டுவிட்டால் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிடும். பறிப்பவரின் இடுப்பளவில் நிற்க வேண்டும் என்பதற்காகவே அதை வெட்டி வெட்டித் தட்டையாக வைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போது சரிவு முழுவதும் கோலம் போட்டதுபோல் கோடுகள் தெரிகின்றன அல்லவா? அந்தக் கோடுகள் அழகுக்காகப் போட்டவை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவை கூடையோடு ஆட்கள் நடக்கும் பாதைகள். 

சில சரிவுகளில் பச்சையே இல்லாமல் குச்சி குச்சியாக நிற்கும். செடி பட்டுப்போய்விட்டது என்று எண்ண வேண்டாம், அது கவ்வாத்து வெட்டிய இடம். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அப்படி அடியோடு வெட்டினால்தான் புதுக் கிளை விட்டுக் கொழுந்து செழிக்கும். தோட்டம் தொடங்கிய காலத்தில் நட்ட செடிகள்கூட இன்னும் பலன் தருகின்றன. தொண்ணூறு வயதுச் செடியிலிருந்து பறித்த தேயிலை நம் வீட்டுக் கோப்பையில் இருக்கலாம்.

ஒரு காலத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையால்தான் கிள்ளினார்கள். இப்போது பெரும்பாலும் பை கட்டிய கத்தரியாலும், இருவர் சேர்ந்து தூக்கிச் செல்லும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். ஆட்களும் மாறிவிட்டார்கள். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் இன்று சரிவில் அதிகம். ஊரைவிட்டு வந்து, வரிசை வீட்டில் தங்கி, சம்பளத்தை ஊருக்கு அனுப்பும் அந்த வாழ்க்கை நம் தாத்தா பாட்டிக்குப் பழக்கமானதுதான்.

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் முதலில் மூக்குக்குத்தான் வேலை. பறித்த இலையை நீண்ட தொட்டிகளில் பரப்பிக் காற்றடித்து வாட்டுகிறார்கள். வாடிய இலை உருட்டும் இயந்திரத்துக்குப் போகிறது. நசுங்கிய இலையில் காற்றுப் பட்டு நிறம் செம்பாக மாறும், வாசனையும் அப்போதுதான் எழும். பிறகு சூட்டில் உலர்த்தி, சல்லடையில் சலித்து, பெரிய இலை, சிறிய இலை, தூள் என்று தரம் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவை. இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஒரு கூடையில் எத்தனை கொழுந்து இருக்கும் என்று யோசிக்கச் சொன்னால் போதும். தனியாக எந்த விளக்கமும் தேவைப்படாது.

வீட்டில் தோட்ட வேலை செய்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. அவர்கள் ரப்பர் வெட்டியவர்களாகவே இருந்தாலும், முடிந்தால் அழைத்து வருவது நல்லது. தொழிற்சாலைச் சுவரில் உள்ள விளக்கப் பலகைகள் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லும். விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுப்பது எப்படி இருக்கும், எடை போடும் இடத்தில் கிராணி கையில் பென்சிலோடு நிற்கும்போது வயிறு எப்படிக் கலங்கும் என்பதைச் சொல்ல ஆள் வேண்டும். தேநீர்க் கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அந்தக் கதைகள் தாமாக வரும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இது வேலைத்தலம். தடுப்புப் போட்ட வரிசைக்குள் படத்துக்காக இறங்குவது, கொழுந்தைப் பிய்த்துப் பார்ப்பது, அனுமதி கேட்காமல் வேலையாட்களின் முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்டுவது எல்லாம் வேண்டாம். மருந்து தெளித்த சரிவாக இருந்தால் உடம்புக்கும் ஆபத்து. வரிசை வீடுகள் இருக்கும் பக்கம் போனால் அது ஒருவர் வீட்டு வாசல் என்ற நினைவு இருக்கட்டும். 

காட்டுப் பாதைகள்

கேமரன் மலையில் எண் கொடுத்த நடைபாதைகள் பல உள்ளன. நடக்கக் காசில்லை. முதல்முறை போகும் குடும்பத்துக்கு ஏற்றது நான்காம் எண் பாதை. தானா ராத்தாவிலிருந்து பாரிட் அருவிக்குப் போகும் குறுகிய நடை அது, சிறு பிள்ளைகளும் நடந்துவிடுவார்கள். அருவியில் தண்ணீரைவிடக் குப்பை அதிகமாகக் கிடக்கும் நாளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மூச்சு வாங்க நடக்க விரும்பும் இளைஞர்கள் பத்தாம் எண் பாதையில் குனுங் ஜாசார் ஏறலாம். தானா ராத்தாவிலிருந்தே தொடங்குவதால் வண்டி இல்லாதவர்களுக்கும் வசதி. ஒன்பதாம் எண் பாதை ராபின்சன் அருவிப் பக்கம் போகிறது, அதில் தனியாகப் போகாமல் கூட்டமாகப் போவதே நல்லது. 

எளிய பாதை என்பதற்காக அலட்சியம் கூடாது. 1967 மார்ச் 26ஆம் தேதி, தாய்லாந்துப் பட்டு வணிகத்தால் உலகப் புகழ் பெற்ற அமெரிக்கரான ஜிம் தாம்சன், தானா ராத்தாவுக்கு அருகில் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து பிற்பகலில் நடக்கப் போனார். திரும்பவில்லை. போலீசாரும் ராணுவத்தினரும் காட்டை நன்கு அறிந்த ஒராங் அஸ்லி மக்களும் நாள்கணக்கில் தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை, இன்றுவரை விடையும் இல்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பது பற்றி ஆளுக்கொரு கதை உண்டு. நமக்கு வேண்டியது அதிலிருந்து ஒரு பழக்கம்தான். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று விடுதியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 

காலையிலேயே கிளம்புவது நல்லது, பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். சறுக்காத காலணி, மழையாடை, தண்ணீர், ஒரு விசில் போதும். கைப்பேசி அலைவரிசை காட்டுக்குள் எல்லா இடத்திலும் கிடைக்காது. அட்டை ஏறினால் பதற வேண்டாம், கொஞ்சம் உப்பு கையில் இருக்கட்டும். பாதை எண் பலகை மங்கிப்போய், போகப் போக வழி தெளிவில்லாமல் இருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவதுதான் புத்திசாலித்தனம். 

பாசிக்காடு என்று சொல்லப்படும் இடம் குனுங் பிரிஞ்சாங் உச்சிக்கு அருகில், ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் தரையைத் தொட்டுக்கொண்டே இருப்பதால் மரங்கள் குட்டையாகி, அடிமுதல் நுனிவரை பாசி போர்த்தி நிற்கும். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகளையும் பார்க்கலாம். மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. காலடியில் இருப்பது பல ஆண்டுகளாகச் சேர்ந்த மட்கு, மிதித்தால் எளிதில் மீளாது. நடைபாதை பழுதுபார்ப்புக்காக மூடப்படுவதும் உண்டு, அதனால் திறந்திருக்கிறதா, கட்டணம் எவ்வளவு என்று விடுதியில் கேட்டுக்கொண்டு போகவும். பழைய லேண்ட் ரோவரில் அரை நாள் அழைத்துச் செல்லும் பயண முகவர்கள் தானா ராத்தாவில் நிறைய. இந்தப் பயணத்தில் செலவு கொஞ்சம் கடிக்கும் இடம் இதுதான், ஆனால் சாலை மோசம் என்பதால் சிறிய கார் வைத்திருப்பவர்கள் அதை யோசிக்கலாம். 

கோயில், சந்தை, சாப்பாடு

பிரிஞ்சாங்கில் ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, அதன் தெய்வம் முருகன் என்று பள்ளியில் படித்ததை, கடல் தாண்டி வந்த தோட்டத் தொழிலாளர்கள் புத்தகம் இல்லாமலே நினைவில் வைத்திருந்தார்கள் போலும். அதே பட்டணத்தில் சாம் போ புத்தர் கோயிலும் உண்டு. இரண்டுக்கும் நுழைவுச் சீட்டு கிடையாது. 

கியா ஃபார்ம் சந்தையில் காய்கறி, சோளம், தேன், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எல்லாம் கிடைக்கும். விலை கேட்டு வாங்கினால் நட்டமில்லை. ஸ்ட்ராபெரி ஆசை விடவில்லை என்றால் இங்கே ஒரு டப்பா வாங்கிக்கொள்ளலாம், பறித்த மகிழ்ச்சி மட்டும்தான் குறையும். சாப்பாட்டுக்குத் தானா ராத்தா பெரிய சாலையிலுள்ள இந்திய உணவகங்கள் போதும். காலையில் தோசை, ரொட்டி சானாய், மதியம் வாழையிலைச் சோறு என்று பட்டணத்து விலைக்குக் கொஞ்சம் முன்பின்னாகக் கிடைக்கும். 

போவதும் தங்குவதும்

மலைக்குப் பழைய வழி தாப்பா. அங்கிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் காலையில் வயிறு நிறையக் கொடுக்க வேண்டாம். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியில் இறங்கிக் காலை நனைத்துக்கொள்ளலாம். சாலையோரம் ஒராங் அஸ்லி மக்கள் பெத்தாய், தேன், மூங்கில் பொருள்கள் விற்கிறார்கள். காடு முதலில் அவர்களுடையது, அவர்களிடம் வாங்கும் பத்து வெள்ளி நேராக அவர்கள் கைக்கே போகிறது. ஈப்போ பக்கமிருந்து வருபவர்களுக்குச் சிம்பாங் பூலாய் சாலை அகலம், வளைவும் குறைவு, அது கம்போங் ராஜா வழியாக மலைக்குள் கொண்டுபோய் விடும்.

கார் இல்லாதவர்கள் கோலாலம்பூர் டிபிஎஸ் முனையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேரடிப் பேருந்தில் வரலாம். நான்கிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும். மலைக்குள் உள்ளூர்ப் பேருந்து குறைவு என்பதால், நான்கு ஐந்து பேராக இருந்தால் டாக்சியை மணிக் கணக்கில் பேசிக்கொள்வது மலிவாகவே முடியும். இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வேன் எடுத்து வருவது அதைவிட மலிவு. தங்குவதற்குத் தானா ராத்தாவில் எளிய விடுதிகள் அதிகம், பேருந்து முனையமும் உணவகங்களும் இரண்டு நடைபாதைகளும் நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. 

எப்போது போவது என்பதில்தான் மிச்சம் பிடிக்கும் வித்தையெல்லாம் இருக்கிறது. வார நாளில் போனால் வாடகை இறங்கும், பிரிஞ்சாங்கிலிருந்து கியா ஃபார்ம் வரை மணிக்கணக்கில் நிற்கும் நெரிசலும் இருக்காது. விடுமுறையில்தான் முடியும் என்றால் காலை எட்டு மணிக்கு முன்பே தோட்டப் பக்கம் கிளம்பிவிடலாம், கூட்டம் எழுந்து வருவதற்குள் திரும்பிவிடலாம். 

பிப்ரவரியில் மழை ஓரளவு குறைவு. அக்டோபர், நவம்பர் மழைக் காலம், அப்போது மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். 2013 அக்டோபரில் பெருமழையின்போது சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் உயிர்களைப் பறித்தது. மலைச்சரிவுகளைக் கண்மூடித்தனமாக வெட்டி விவசாயம் செய்ததால் மண் அரித்து, அணையில் வண்டல் சேர்ந்தது பற்றி அப்போது நாடே பேசியது. சாலையோரம் மலைமலையாகத் தெரியும் பிளாஸ்டிக் கூரைகளைப் பார்க்கும்போது அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை என்பது விளங்கும்.

குளிராடை கட்டாயம். இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கும். 1978 பிப்ரவரியில் இங்கே 7.8 டிகிரி பதிவானது, நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையாக அது பதிவேட்டில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குளிர்ச்சட்டை வீட்டிலிருந்தே எடுத்து வந்தால் இரவுச் சந்தையில் அவசரத்துக்கு வாங்கும் செலவு மிச்சம்.

கடைசியாக ஒன்று. சுங்கை பாலாஸ் தேநீர் மையம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும், பள்ளி விடுமுறையும் பொது விடுமுறையும் மட்டும் விதிவிலக்கு. வார நாளில் மலிவாக இருக்கும் என்று ஞாயிறு இரவு வந்து இறங்கி, மறுநாள் காலை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் உண்டு. செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்துக்கு என்று வைத்துக்கொண்டு, திங்களைக் காட்டுப் பாதைக்கும் கோயிலுக்கும் ஒதுக்கிவிட்டால் இரண்டு நாளும் வீணாகாது.